புலி பாய்ந்தது எதன் மேல்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, நான் ஒரு தவறான தகவலை நேரலையில் சொன்னேன். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டிக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். ஒருவரைத் தவிர வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்றைய பேச்சு புதிரான படங்களைப் பற்றியது. முதலில் ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா 1799ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு படம். ‘காப்ரிச்சோஸ்’ என்ற 80 படங்கள் கொண்ட தொகுப்பில் 43ஆவது. ஒருவர் மேசைமேல் கவிழ்ந்து உறங்குகிறார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆந்தைகளும் வௌவால்களும் கிளம்பி வருகின்றன. அறிவு உறங்கினால் அரக்கர்கள் பிறப்பார்கள் என்று மேசையின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் அங்கே வரும் ஸ்பானியச் சொல்லுக்கு உறக்கம் என்றும் பொருள், கனவு என்றும் பொருள். அறிவு தூங்கினால் அரக்கர்கள் வருவார்களா, அறிவே காணும் கனவுதான் அரக்கர்களா? இரண்டு நூற்றாண்டுகளாக இதற்கு ஒரு முடிவு வரவில்லை.

அடுத்து நம் ஊர்ப் படம். காட்டுக்குள் சாலை அளந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் மீதும் அவருடைய இந்தியத் தொழிலாளர்கள் மீதும் புலி பாய்கிற படம். நம் வரலாற்றுப் புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் பலமுறை பார்த்திருப்பீர்கள். “இந்த இரண்டுமே ரொமாண்டிக் காலத்து எச்சிங் வகைப் படங்கள்” என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. இரண்டு, ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் 1902ஆம் ஆண்டு சுடப்பட்ட புலியைப் பற்றி. அது வேறு புலி, வித்தைக் கூடாரத்திலிருந்து தப்பி வந்தது. மூன்றாவது செய்தி இப்படி இருந்தது: “அம்மா, முதல் படம் எச்சிங். ரெண்டாவது மரக்கட்டை பிளாக். சேர்த்துச் சொல்லாதீங்க. ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம். கிளமெண்டி பக்கம் வந்தா சொல்லித் தரேன்.”

நான் கிளமெண்டியில் குடியிருப்பவள். அது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை, கிளமெண்டி புளோக் 448 உணவங்காடியில் சந்தித்தோம். எண்பதை நெருங்கும் வயது. சட்டைப்பையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. இளம் வயதில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், பிறகு அங்கேயே பிளாக் செய்யக் கற்றுக்கொண்டவர். புளோக்கில் சந்தித்துப் பிளாக்கைப் பற்றிப் பேசினோம் என்று நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இதுபோன்ற நகைச்சுவைகளை அவர் நிகழ்ச்சியில் தினமும் கேட்கிறார், பாவம்.

“எச்சிங்னா என்னன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?” என்றார்.

ஊடகவியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஒரு படத்தில் யார் நடுவில் இருக்கிறார்கள், யார் ஓரத்தில் இருக்கிறார்கள், வெளிச்சம் யார்மேல் விழுகிறது என்றெல்லாம் கேட்க மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படம் தாளுக்கு எப்படி வந்தது என்று கேட்க யாரும் சொல்லித்தரவில்லை. “ஆசிட் வைத்துச் செய்வது” என்றேன்.

அவர் என் ரொட்டி பிராட்டா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பழைய மெலமைன் தட்டு. பல வருடக் கரண்டிகளும் முள்கரண்டிகளும் போட்ட கீறல்கள் அதில் தெரிந்தன. மிச்சமிருந்த குழம்பை விரலால் தட்டு முழுவதும் தேய்த்தார். பிறகு ஒரு டிஷ்யூ தாளை எடுத்து அழுத்தித் துடைத்தார். தட்டு சுத்தமானது. கீறல்களுக்குள் மட்டும் மஞ்சள் நின்றது.

“இதான் எச்சிங். மை குழிக்குள்ள நிக்கும். இதுமேல ஈரத்தாளை வச்சு நல்லா அழுத்தினா, தாள் குழிக்குள்ள போய் மையைத் தூக்கிக்கிட்டு வரும்.”

தட்டில் கரண்டி போட்ட கீறலைத் தகட்டில் போடுவது அமிலம். செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சைத் தடவுவார்கள். அது காய்ந்ததும் ஓவியர் ஓர் ஊசியால் அதன்மேல் வரைவார். செம்பைக் கீற வேண்டியதில்லை, பூச்சை விலக்கினால் போதும். அதனால் ஊசி தாளில் பேனா ஓடுவதுபோல ஓடும். பிறகு தகட்டை நைட்ரிக் அமிலத்தில் இடுவார்கள். பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். மெல்லிய கோடு வேண்டிய இடங்களைக் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்து வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மீண்டும் அமிலத்தில் போடுவார்கள். நேரம் கூடக் கூடக் கோடு ஆழமாகும், ஆழமான கோடு அச்சில் கருப்பாக வரும்.

கோயாவின் படத்தில் ஆந்தைகளுக்குப் பின்னால் புகைபோல ஒரு சாம்பல் நிறம் பரவியிருக்கும். அது கோடுகளால் ஆனதல்ல. தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவி, சூடு காட்டி ஒட்டவைத்து, பிறகு அமிலத்தில் போடுவார்கள். தூளுக்கு இடைப்பட்ட நுண்ணிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அச்சிட்டால் நீர்வண்ணம் பூசியதுபோல ஒரு நிறப்பரப்பு கிடைக்கும். அக்வாடின்ட் என்பது இதன் பெயர். நம் தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரையும் மாமல்லபுரமும் ஐரோப்பியர் வீட்டுச் சுவர்களுக்குப் போனது இந்தத் தூளின் வழியாகத்தான். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சித்தப்பாவும் அண்ணன் மகனும் இந்தியாவைச் சுற்றி வரைந்துகொண்டு போய், 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 அக்வாடின்ட் படங்களாக வெளியிட்டார்கள்.

ரொமாண்டிக் காலத்து ஓவியர்களுக்கு எச்சிங் ஏன் அவ்வளவு பிடித்தது என்பது அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வேறொருவர் கை குறுக்கே வராது. இரவில் கண்ட கெட்ட கனவைக் காலையில் தானே தகட்டில் எழுதிவிடலாம். நடுக்கம்கூட அப்படியே பதியும்.

“இப்போ உங்க புலிக்கு வாங்க” என்றார் அங்கிள். கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்க்காமல் முதலில் தூர வைத்துப் பார்த்தார்.

படத்தின் ஜெர்மன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘சிங்கப்பூரில் இடையில் நின்றுபோன சாலை அளவை’. அலுவலகக் கோப்புக்கு வைக்கிற தலைப்பு. படமோ அப்படி இல்லை. அடர்ந்த காட்டிலிருந்து புலி அந்தரத்தில் பாய்ந்து நிற்கிறது. நில அளவைக்கான தியோடலைட் கருவி முக்காலியோடு சரிகிறது. தொப்பி வைத்த வெள்ளைக்காரர் தடுமாறுகிறார். இடுப்பில் துணி கட்டிய தொழிலாளர்கள் சிதறி விழுகிறார்கள். இலைகள் அளவுக்கு மீறிப் பெரிதாக, மனிதர்களை விழுங்கப் போவதுபோல் நிற்கின்றன.

வரைந்தவர் ஹைன்ரிக் லாய்ட்டமன். 1824இல் பிறந்து 1905இல் மறைந்த லைப்சிக் நகரத்துக்காரர். விலங்குகளை வரைவதில் பெயர் பெற்றவர், குடும்ப வார இதழ்களுக்கு நிறையப் படம் வரைந்தவர். ஹாம்பர்க் நகரின் புகழ்பெற்ற விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக்கின் வாழ்க்கையை ஒரு நூலாகவும் எழுதினார். அவர் பார்த்த புலிகள் கூண்டில் இருந்த புலிகளாகத்தான் இருக்க வேண்டும். படத்தின் காலம் ஏறக்குறைய 1865 என்று குறிக்கிறார்கள். படம் சொல்லும் சம்பவமோ 1835இல் நடந்தது. முப்பது ஆண்டு இடைவெளி, நடுவில் ஒரு பெருங்கடல்.

“கம்பி கம்பியா தெரியுதில்ல?” என்று காட்டினார் அங்கிள். “புலி உடம்புலயும் கோடு, இலையிலயும் கோடு, ஆள் முதுகுலயும் கோடு. சாம்பல் கலரே கிடையாது. வெறும் கறுப்பு, வெள்ளைதான். அடுத்தடுத்துக் கோடு போட்டு நம்ம கண்ணை ஏமாத்துறான். இது மரம்.”

மரச்செதுக்கு முறையில் மை நிற்பது குழியில் அல்ல, மேட்டில். ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே மரத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மிஞ்சி நிற்கிற பகுதியில் மை ஒட்டும். மரத்தைப் பலகையாக நீளவாக்கில் அறுத்தால் நார் ஓடும், உளி வழுக்கும். இங்கிலாந்தின் தாமஸ் பியூவிக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு வழியைப் பிரபலமாக்கினார். பாக்ஸ்வுட் என்ற மிகக் கடினமான மரத்தைக் குறுக்காக வெட்டி, கணு வட்டம் தெரியும் முகத்தில், உலோகம் செதுக்கும் கூரிய பியூரின் கருவியால் செதுக்கினார். முடி அளவுக் கோடுகூடப் பிசிறில்லாமல் வரும்.

இதில் இன்னொரு வசதி, அதுதான் பெரிய வசதி. இந்த மரக்கட்டையை ஈய எழுத்தின் உயரத்துக்குச் சீவிவிட்டால், எழுத்தோடு சேர்த்தே ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம். எச்சிங்கில் அது முடியாது. அதற்குத் தனி உருளை இயந்திரம், தனித் தாள், தனி நேரம். வாரந்தோறும் படத்தோடு பத்திரிகை வெளிவர முடிந்ததற்கு இந்த மரக்கட்டைதான் காரணம். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிற இந்த வார இணைப்புக்கு அதை ஒரு கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

ஒரு சிக்கல் உண்டு. பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. பெரிய படத்துக்குப் பல துண்டுகளை ஒட்டியோ போல்ட் போட்டுப் பூட்டியோதான் ஒரு கட்டை செய்ய முடியும். அவசரம் என்றால் அந்தத் துண்டுகளைத் தனித்தனியாகக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்குவார், ஒருவர் இலையை, கைதேர்ந்தவர் முகத்தை. முடிந்ததும் மறுபடி பூட்டி, இணைப்புக் கோட்டின்மேல் தலைமைச் செதுக்குநர் கொஞ்சம் கைவைத்துச் சரிசெய்வார். வரைந்தவர் பெயர் மூலையில் வரும். செதுக்கியவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. அக்கால ஜெர்மன் படங்கள் பலவற்றின் அடியில் ‘எக்ஸ் ஏ’ என்ற இரண்டு எழுத்துகளைப் பார்க்கலாம். மரச்செதுக்குக் கூடம் என்பதன் சுருக்கம் அது. பட்டறையின் முத்திரைதானே தவிர ஆளின் பெயர் இல்லை.

அங்கிள் இப்போது பூதக்கண்ணாடியை எடுத்துக் கைப்பேசித் திரையின்மேல் வைத்தார். இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் சில சமயம் ஒரு வெள்ளைக் கோடு தெரியுமாம். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, “போன்ல அதெல்லாம் தெரியாதும்மா, தாளை நேர்ல பாக்கணும்” என்று மூடிவைத்தார்.

படத்தின் அந்தப்பக்கத்துக் கதை இது என்றால், இந்தப்பக்கத்துக் கதையைப் பார்ப்போம்.

தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஜார்ஜ் கோல்மன். அயர்லாந்தில் 1795இல் பிறந்தவர். 1833 முதல் சிங்கப்பூரின் பொதுப்பணிக் கண்காணிப்பாளர். நார்த் பிரிட்ஜ் ரோடும் சவுத் பிரிட்ஜ் ரோடும் அவர் மேற்பார்வையில் போடப்பட்டவை. ஆர்மீனியத் தேவாலயம், இன்று சைம்ஸ் என்று நாம் அழைக்கும் வளாகத்துக் கால்டுவெல் இல்லம், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மூல வீடு எல்லாம் அவர் வடிவமைத்தவை. 1844இல் இங்கேயே இறந்தார். அவர் பெயரில் தெரு இருக்கிறது, பாலம் இருக்கிறது, ஃபோர்ட் கேனிங் குன்றில் கல்லறை இருக்கிறது.

இடுப்புத் துணியோடு விழுகிறவர்கள் கைதிகள். பென்கூலனிலிருந்து முதல் கப்பல் 1825 ஏப்ரல் 18ஆம் தேதி வந்தது. அதில் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். ஒரு வாரத்தில் வங்காளத்திலிருந்து தண்டனை பெற்ற 122 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து நேராகவே கப்பல்கள் வந்தன. சதுப்பு நிலத்தை மேடாக்கியது, கல் உடைத்தது, செங்கல் சுட்டது, சாலை போட்டது எல்லாம் அவர்கள். பிற்காலத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும்கூட அவர்கள் கைவேலைதான். 1873இல் கைதிகள் முகாம் கலைக்கப்பட்டது. முகாமை நடத்திய மக்நேர் 1899இல் எழுதிய புத்தகத்தில், கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக வைத்த முறையைப் பெருமையோடு விவரிக்கிறார். அந்தக் கைதி மேற்பார்வையாளர்களை அவர் ‘டிண்டல்’ என்கிறார். நம் தாத்தாக்கள் வாயில் ‘தண்டல்’ என்று புழங்கிய அதே சொல்.

படத்தில் இருப்பவர்கள் தமிழர்களா என்று நிகழ்ச்சியில் ஒரு நேயர் கேட்டார். இருக்கலாம். 1835இல் சென்னைக்காரர்களும் வங்காளிகளும் பம்பாய்க்காரர்களும் கலந்தே இருந்தார்கள். லைப்சிக்கில் உட்கார்ந்து வரைந்தவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது, தேவைப்பட்டிருக்கவும் செய்யாது. ‘நம்ம ஆளுங்க’ என்று உரிமை கொண்டாட எனக்கு ஆசைதான். ஆனால் ஆசைக்காக ஒரு வங்காளியின் பயத்தை எடுத்து நம் கணக்கில் எழுதிவிட முடியுமா?

அவர்கள் உடம்பில் எழுத்து ஒன்று இருந்திருக்கக்கூடும். வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில், செய்த குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் இருந்தது. 1849இல்தான் அது ஒழிக்கப்பட்டது. தப்பி ஓடினாலும் அடையாளம் தெரிய வேண்டுமல்லவா. இதை நான் சொன்னபோது அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். “ஊசி, குழி, மை. அதுவும் எச்சிங்தான்” என்றார். குற்றத்தின் பெயரை அழியாமல் எழுதிய அரசாங்கத்தில், படத்துக்குக் கீழே ஆளின் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

தேசிய கலைக்கூடம் 2015இல் திறக்கப்பட்டபோது, சிங்கப்பூர்க் கலை வரலாற்றைச் சொல்லும் கண்காட்சியின் தொடக்கப் பகுதியில் இந்தப் படத்தை வைத்திருந்தார்கள். அந்தக் கண்காட்சியின் பெயர் ‘சியாபா நாமா காமு?’ மலாயில் ‘உன் பெயர் என்ன?’ சுவா மியா டீயின் 1959ஆம் ஆண்டு ஓவியத்தில், மலாய் மொழி வகுப்பின் கரும்பலகையில் இருக்கும் கேள்வி. அந்தக் கேள்வியைத் தாண்டி உள்ளே போனதும் இந்தப் படம். அன்று நான் புலியை மட்டும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதிர் என்று சொன்னேன் அல்லவா. அது இதுதான்: புலி ஏன் ஆளை விட்டுவிட்டுக் கருவியின் மேல் பாய்ந்தது? யாருக்கும் காயமில்லை, தியோடலைட் மட்டும் போயிற்று என்பதே வழிவழியாக வரும் கதை. அந்தக் காலத்தில் மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள். காடு குறையக் குறைய மனிதரும் புலியும் எதிர்ப்பட்டார்கள். நாளுக்கு ஓர் ஆள் புலிக்குப் போகிறான் என்றுகூட அப்போது பேசிக்கொண்டார்கள். பசித்த புலிக்குப் பித்தளைக் குழாயும் மரக்காலும் எதற்கு?

படித்தவர்கள் இதற்கு ஓர் அழகான விளக்கம் வைத்திருக்கிறார்கள். காட்டை அளக்க வந்த கருவியைக் காடே எழுந்து வந்து தட்டிவிட்டது என்பது அது. நம் ஊர்க் கலைஞர் ஹோ சு நியன் இந்தப் படத்தை வைத்துப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து படைப்புகள் செய்திருக்கிறார். ‘ஒன் ஆர் செவரல் டைகர்ஸ்’ என்ற அவருடைய காணொளியில் கோல்மனும் புலியும் மாறி மாறிப் பாடுகிறார்கள். பார்த்தால் மயிர்க்கூச்செறியும்.

அங்கிளுக்கு அந்த விளக்கத்தில் நாட்டமில்லை. “தியோடலைட்டைத் தனியா விடமாட்டாங்கம்மா. விலை கூடின சாமான். பக்கத்துல ஒருத்தன் பிடிச்சுக்கிட்டே நிப்பான். புலி அவன் மேலதான் பாஞ்சிருக்கும். அவன் குனிஞ்சிருப்பான், கருவி போயிருக்கும். எழுதினவன் கருவியை எழுதிட்டான்.”

இது சரியா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் படித்த எல்லா விளக்கங்களையும்விட இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கருவி உடைந்தால் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கைதி குனிந்து தப்பினால் அதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

பேச்சு அவருடைய வேலைக்குத் திரும்பியது. அவர் செய்த பிளாக்குகள் துத்தநாகத் தகட்டில். புகைப்படத்தைப் புள்ளி புள்ளியாகத் தகட்டில் பதித்து, நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். கோயா பயன்படுத்திய அதே அமிலம், ஆனால் தலைகீழான வேலை: இங்கே அமிலம் படத்தைத் தவிர மற்றதையெல்லாம் தின்னும், படம் மேடாக மிஞ்சும். கோட்டுப் படங்களில் அமிலம் பக்கவாட்டில் புகுந்து கோட்டையே அறுத்துவிடாமலிருக்க ‘டிராகன் பிளட்’ என்ற சிவப்புத் தூளைத் தூரிகையால் ஒதுக்கிச் சூடு காட்டுவார்களாம். நான் ஏதோ ஜெர்மன் ரசாயனம் என்று நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால், அது ஒருவகைப் பிரம்புக் காயின் பிசின். சுமத்திராவிலும் போர்னியோவிலும் எடுப்பது. மலாயில் ‘ஜெர்னாங்’. லண்டன் அச்சகங்களுக்குக்கூட நம் பக்கத்துக் காட்டிலிருந்துதான் போயிருக்கிறது.

அவருடைய வலது ஆள்காட்டி விரல் நுனியில் நகம் சரியாக வளராது. அமிலம். “கையுறை இருந்துச்சு. போட்டா வேலை ஓடாது” என்றார். அவர் செய்த பிளாக் எதிலும் அவர் பெயர் வந்ததா என்று கேட்டேன். என்னை ஏதோ புதிய பாஷை பேசுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்தார். உள்ளே துணிச்சுற்று. துணிக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரக்கட்டை, அதன்மேல் ஆணி அடித்த துத்தநாகத் தகடு. சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் ஒரு முகம் வந்தது. நடுத்தர வயது, மீசை, மேல் பொத்தான் வரை போட்ட சட்டை. அச்சில் நேராக வர வேண்டும் என்பதால் தகட்டில் இடவலம் மாறி இருந்தது.

நினைவஞ்சலி விளம்பரத்துக்குச் செய்தது. 1970களின் தொடக்கம். அச்சான பிறகு குடும்பத்தார் வந்து பிளாக்கை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அடுத்த ஆண்டுத் திதிக்கு மீண்டும் உதவும். இதை வாங்க யாரும் வரவில்லை. அச்சகம் மூடியபோது பழைய பிளாக்குகளை எடைக்குப் போட்டார்கள். இவர் இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

“யார் அங்கிள் இவர்?”

“பேர் தெரியாதும்மா. பேரை எழுத்துல கோத்தது நான்தான். அச்சடிச்சு முடிஞ்சதும் எழுத்தைக் கலைச்சு அதது அறையில போட்டுருவோம், அடுத்த வேலைக்கு எழுத்து வேணுமே. அன்னைக்கு ராத்திரியே கலைச்சிருப்பேன். அந்த எழுத்தெல்லாம் அப்புறம் கல்யாணப் பத்திரிகைக்குப் போயிருக்கும், தேர்தல் நோட்டீசுக்குப் போயிருக்கும். முகம் தங்கிடுச்சு, பேர் போயிடுச்சு.”

இதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. வேலை எப்படி நடந்தது என்று சொன்னார், அவ்வளவுதான்.

இந்தப் பத்திக்குப் படமாக அந்த முகத்தைப் போடலாமா என்று கேட்டேன். கைப்பேசியில் எடுத்து இடவலம் திருப்பினால் போதும், தெளிவாகவே வரும். யாராவது பார்த்து, ‘இது எங்க தாத்தா’ என்று கூப்பிடவும் கூடும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சுற்றிலும் சனிக்கிழமைக் கூட்டம். மேசைக்காக ஒரு குடும்பம் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

“வேணாம்மா. பேரில்லாம எப்படிப் போடுறது? கீழே என்னன்னு எழுதுவீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அதனால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் அந்த முகம் இல்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் நினைவஞ்சலி போட்டுவிட்டு பிளாக்கைத் திரும்ப வாங்காமல் விட்ட குடும்பம் உங்களுடையதாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தால், நிகழ்ச்சிக்கு எழுதுங்கள். மீசை வைத்தவர். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. தகட்டில் வலது பக்கம் தெரிகிறது, ஆகவே இடது.

அங்கிள் கட்டையைத் துணியில் சுற்றி டின்னுக்குள் வைத்து மூடினார். கோப்பிக்கு அவர்தான் பணம் கொடுத்தார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தோம். தேசிய கலைக்கூடத்தில் அந்தப் புலிப்படம் இப்போது வெளியே வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். இருந்தால் பூதக்கண்ணாடியோடு வருகிறாராம். கட்டைகள் சேர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.